கண்ணாடித் தொட்டிக்குள் குடும்பச் சண்டை!

பார்த்தால் பூ மாதிரி இருக்கும். ஆனால் பூ அல்ல. தொட்டால் கொட்டும்!

அதுதான் கடற்சாமந்தி.

அதன் மடியிலே ஒரு மீன் சுகமாகப் படுத்துத் தூங்கும். ஆரஞ்சு நிற உடம்பு. அதில் 3 வெள்ளைப் பட்டைகள். அதற்குக் கோமாளி மீன் என்று பெயர். 2003-ம் ஆண்டில் "ஃபைண்டிங் நீமோ" என்ற கார்ட்டூன் படம் வந்தது அல்லவா? அதில் வருகிற அப்பாவும் பிள்ளையும் இந்த மீன்கள்தான்.

வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர்கள் ஆசையோடு கேட்பது இந்த ஜோடியைத்தான். "மீன் ஒன்று, சாமந்தி ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். சில கடைக்காரர்கள் இரண்டையும் தனித்தனி பாலிதீன் பையில் போட்டு, ஒரே நாளில் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள்.

அங்கேதான் வம்பு ஆரம்பம்!

கடலில் கூடி வாழ்ந்த இரண்டும் தொட்டியில் சண்டை போடுகின்றன. மீன், சாமந்தியைப் போட்டு உருட்டுகிறது. சாமந்தி சுருங்கிக் கொள்கிறது. அல்லது வேறு மீனைப் பிடித்து விழுங்கி விடுகிறது. குழந்தைகள் அழுகிறார்கள். "ராசியில்லாத மீன்" என்கிறார் பாட்டி.

குற்றம் மீனுடையது அல்ல. சாமந்தியுடையதும் அல்ல. இரண்டையும் அவசரப்பட்டுச் சேர்த்து வைத்தவர் யாரோ, அவருடையது. இது என் கட்சி.

கொட்டாத ரகசியம்

கடற்சாமந்தி ஒரு பிராணி. பவளப் பூச்சிக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவு. அதற்குத் தலை கிடையாது. நடுவில் வாய். வாயைச் சுற்றி விரல் விரலாகக் கைகள். கைகள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள். ஒவ்வொரு பையிலும் நூல் போன்ற ஊசி சுருண்டு கிடக்கும். ஏதாவது உரசினால் ஊசி பாயும். விஷம் ஏறும். அகப்பட்ட மீன் துடித்து அடங்கியதும் வாய்க்குப் போய்விடும்.

கோமாளி மீனை மட்டும் ஏன் கொட்டுவதில்லை?

மீனின் உடம்பில் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. ரகசியம் அதில்தான் என்று விஞ்ஞானிகள் வெகு நாளாகச் சொல்லி வந்தார்கள். 2025-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அதை இன்னும் விளக்கியது. மற்ற மீன்களின் வழவழப்பில் சியாலிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. சாமந்தியின் ஊசியை உசுப்பி விடுவது அதுதான். கோமாளி மீனின் வழவழப்பில் அது மிகக் குறைவு. பிறந்த குஞ்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உடம்பில் வெள்ளைப் பட்டை விழுகிற பருவத்தில்தான் வருகிறது.

மீன் சும்மா குடியிருப்பதில்லை. வாடகை கொடுக்கிறது! சாமந்தியின் கைகளைக் கடித்துத் தின்ன வரும் பட்டாம்பூச்சி மீன்களை விரட்டி அடிக்கிறது. துடுப்பை ஆட்டி நல்ல தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதன் கழிவு, சாமந்தியின் உடம்பில் வாழும் நுண்ணிய பாசிக்கு உரம் ஆகிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, சாமந்திக்கும் ஊட்டுகிறது.

பிறகு ஏன் சண்டை?

பொருத்தம் பார்த்தீர்களா?

கோமாளி மீனில் சுமார் 30 வகை உண்டு. கடற்சாமந்தியில் ஆயிரத்துக்கு மேல். அந்த ஆயிரத்தில் கோமாளி மீனுக்கு வீடு கொடுப்பவை 10 வகைதான்! அதிலும் இந்த மீனுக்கு இந்தச் சாமந்தி என்று கணக்கு இருக்கிறது.

அட்லாண்டிக் கடலில் கோமாளி மீனே கிடையாது. ஆனால் அங்கே பிடித்த சாமந்தியும் கடைகளில் விற்பனைக்கு வருகிறது. விலை மலிவு என்று அதை வாங்கி வந்தால் என்ன ஆகும்? மீனுக்கு அது யார் என்றே தெரியாது. சாமந்திக்கோ, மீன் என்றால் சாப்பாடு!

ஜாதகம் வேண்டாம். பெயரையாவது கேட்டு வாங்க வேண்டாமா?

வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு ஒத்து வருவது, கை நுனியில் குமிழ் போல உப்பியிருக்கும் வகை. கடைக்காரர்கள் "பபிள் டிப்" என்பார்கள். கம்பளம் விரித்தது போலப் படுத்துக் கிடக்கும் இன்னொரு வகை உண்டு. அழகில் குறைவில்லை. ஆனால் பெரிய சாப்பாட்டு ராமன்! பக்கத்தில் வந்த மீனைப் பிடித்தால் விடாது. கடல் குதிரை போல மெதுவாக நகரும் பிராணி இருக்கிற தொட்டியில் எந்தச் சாமந்தியையும் வைக்கவே கூடாது.

அன்பும் ஆபத்துதான்

தொட்டியில் நடக்கும் சண்டைகளில் பாதி சண்டையே அல்ல. அளவு மீறிய பாசம்!

பெரிய மீன். சின்னச் சாமந்தி. மீன் நாள் முழுவதும் அதன் மேல் விழுந்து புரளுகிறது. கைகளைக் கவ்வி இழுக்கிறது. புது இடத்துக்கு வந்த சாமந்திக்கு இன்னும் கால் ஊன்றவில்லை. அது விரிய முடியாமல் மூடிக் கொள்கிறது. விரியாவிட்டால் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் பாசிக்கு வேலை இல்லை. பட்டினி!

ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துச் சாமந்தியை மூடுங்கள். வெளிச்சமும் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். மீன் மட்டும் போகக் கூடாது. சாமந்தி பாறையைக் கெட்டியாகப் பிடித்து, நன்றாக விரிந்த பிறகு கூடையை எடுங்கள். சாமந்தியின் அகலம் மீனின் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும்.

சாமந்திக்குப் போடும் இறாலை மீன் பிடுங்கிக் கொண்டு ஓடுவதும் உண்டு. முதலில் மீனுக்குத் தீனி போடுங்கள். அது வயிறு நிறைந்த பிறகு சாமந்திக்குச் சின்னத் துண்டாக வையுங்கள். பெரிய துண்டு வைத்தால் துப்பி விடும்.

மீன்களுக்குள்ளே நடக்கும் சண்டை வேறு. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான்! கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறும். வீட்டு எஜமானி அவள்தான். இரண்டு பெண் மீன்களை ஒரே தொட்டியில் போட்டால், ஒன்று சாகும் வரை அடித்துக் கொள்ளும். அதனால் ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், இளம் மீன்களாகவே வாங்க வேண்டும். தொட்டியைக் கழுவக் கை விடும்போது எஜமானி உங்கள் விரலையும் கடிப்பாள். கோபித்துக் கொள்ளாதீர்கள்.

நடந்து போகும் சாமந்தி

பலருக்குத் தெரியாத விஷயம், சாமந்தி நடக்கும் என்பது. இடம் பிடிக்கவில்லை என்றால் இரவோடு இரவாகக் கிளம்பி விடும். போகிற வழியில் தண்ணீரை இழுக்கும் மோட்டார் இருந்தால்? துண்டு துண்டாகி விடும். செத்த சாமந்தி அழுகினால் தண்ணீர் கெட்டு, காலையில் மீன்களும் செத்து மிதக்கலாம்.

மோட்டாரின் வாயை ஸ்பாஞ்சு வைத்து மூடுங்கள். சாமந்தி ஒட்டிய இடத்திலிருந்து அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். கால் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

மருந்திலும் உஷார்! மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். மீனுக்கு அது மருந்து. சாமந்திக்கு அது எமன். நோயாளி மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும்.

புதுத் தொட்டியிலும் சாமந்தியை விடக் கூடாது. கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் முதலில் வளர வேண்டும். ஆறு மாதமாவது பொறுங்கள். "அவ்வளவு நாளா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். ஆமாம், அவ்வளவு நாள்!

பாட்டியம்மா

பொறுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை.

ஸ்காட்லாந்து நாட்டில் ஜான் டாலியெல் என்ற விஞ்ஞானி இருந்தார். 1828-ல் அவர் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி வளர்த்தார். 1851-ல் அவர் இறந்தார். சாமந்தி சாகவில்லை! ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியது. நூற்றுக்கணக்கில் குட்டி போட்டது. "பாட்டி" என்றே அதற்குப் பெயர். 1887-ல் அது இறந்தபோது பத்திரிகையில் மரணச் செய்தி வந்தது.

59 ஆண்டு!

அது குளிர்கடல் சாமந்தி. வெளிச்சத்தை நம்பி வாழாத கெட்டியான வகை. கோமாளி மீனின் சாமந்தி அதைவிட நோஞ்சான். இருந்தாலும் நம்மைவிட அதிக நாள் வாழக்கூடிய ஒரு குலத்தைச் சேர்ந்த பிராணி, நம் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அழுகிப் போகிறது என்றால், அதைத் தலைவிதி என்று சொல்லலாமா?

கடலில் யார் வீடு காலி?

"சாமந்தி இல்லாமல் கோமாளி மீனுக்கு அழகு ஏது? அதன் வீட்டை அதற்குக் கொடுப்பதுதானே தர்மம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

கடலில் அந்த மீனுக்குச் சாமந்தி அவசியம். பெரிய மீன்கள் துரத்தினால் ஓடி ஒளிய வேறு இடம் இல்லை. ஆனால் தொட்டியில் துரத்துகிறவர் யார்? பண்ணையில் பொரித்த கோமாளி மீன், சாமந்தியைக் கண்ணால் கூடப் பார்க்காமல் வளர்கிறது. முட்டையும் இடுகிறது. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதையே வீடாக்கிக் கொள்ளும்!

கடலில் ஒரு சாமந்தியைப் பெயர்த்து எடுத்தால் என்ன ஆகிறது? அதில் ஒரு தாய், ஒரு தகப்பன், சில இளசுகள் குடியிருக்கும். அவ்வளவு பேருக்கும் வீடு போயிற்று. 2016-ல் பசிபிக் கடலில் மூரேயா தீவுப் பக்கம் தண்ணீர் சூடேறியது. சாமந்திகள் வெளுத்துப் போயின. சாகக் கூட இல்லை, வெளுத்தன, அவ்வளவுதான். அதற்கே அங்கிருந்த கோமாளி மீன்கள் முட்டை இடுவது வெகுவாகக் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நம் வரவேற்பறையில் ஒரு வீடு கட்ட, கடலில் ஒரு வீட்டை இடிப்பது என்ன தர்மம்?

நம் ஊர்க் கடலிலும் இந்த ஜோடி உண்டு. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. அங்கே உயிர்களைப் பிடிப்பது குற்றம். அதே பக்கத்தில், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் செய்தார்கள். ஆகையால் கடலில் பிடித்த மீன் வேண்டாம். பண்ணை மீன் கேளுங்கள்.

மீன் மட்டும் போதும். சாமந்தி வேண்டாம். முதல் முறை தொட்டி வைக்கும் குடும்பத்துக்கு என் யோசனை இதுதான். ஒரு வருடம் தண்ணீரைக் கெடாமல் வைத்துக் காட்டியவர் வேண்டுமானால் சாமந்தியைப் பற்றி யோசிக்கட்டும். குமிழ் வகைச் சாமந்தி தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். அப்படிப் பெருகியது பழைய அன்பர்களிடம் கிடைக்கும். வாங்குவதானால் அதை வாங்கலாம்.

கடையிலே வாங்குவதாக இருந்தால் வாயைப் பாருங்கள். வாய் பிளந்து கிடந்தால் அது நோயாளி. கால் எதிலும் ஒட்டாமல் உருண்டு கொண்டிருந்தாலும் வேண்டாம். பால் போல வெள்ளையாக இருப்பது அழகு அல்ல; உள்ளே இருந்த பாசி போய்விட்டது என்று அர்த்தம். பளிச்சென்று மஞ்சளாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் இன்னும் கவனம். வெளுத்த சாமந்திக்குச் சாயம் ஏற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்!