வீட்டு விலையும் பிள்ளையும்

அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு அந்தந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஊரில் பள்ளியும் செழிப்பாக இருக்கும். ஆகவே நியூயார்க் நகரை அடுத்த ஸ்கார்ஸ்டேல் போன்ற ஊர்களில், பிள்ளையின் படிப்புக்காகவே பலர் கொள்ளை விலை கொடுத்து வீடு வாங்குகிறார்கள். பிறகு அந்த விலையைப் பிள்ளையிடம் வசூலிக்கப் பார்க்கிறார்கள்!

மார்ச் மாதக் கடைசியில் பெரிய கல்லூரிகளின் முடிவு வரும். 2024-ல் ஹார்வர்டு கல்லூரிக்கு மனுப் போட்டவர்கள் சுமார் 54,000 பேர். இடம் கிடைத்தது 2,000 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் மக்குகளா? இல்லை. இடம்தான் இல்லை. இதற்காகப் பிள்ளையை ஏசுவானேன்? ஆனாலும் வீடு இழவு வீடு போல் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பெற்றோரின் பெரிய கவலை.

இந்தக் கவலை குற்றம் வரைக்கும் போனதுண்டு. பெலிசிட்டி ஹப்மன் என்ற நடிகை, கல்லூரி நுழைவுத் தேர்வில் மகள் எழுதிய விடைகளைத் திருட்டுத்தனமாக மாற்றி மார்க்கை உயர்த்த 15,000 டாலர் கொடுத்தார். 2019-ல் பிடிபட்டார். கோர்ட்டு 14 நாள் சிறைத் தண்டனை விதித்தது. மகளுக்கு இந்த ஏற்பாடு எதுவுமே தெரியாது. தன் படிப்பின் மீது தாய்க்கு நம்பிக்கை இல்லை என்பதை, தாய் கைதான பிறகே அந்தப் பெண் அறிந்தாள்.