பெற்றோர் பார்வையாளர் அல்லர்

ஒரு நாட்டின் ஆட்சியை எடைபோட விரும்புவோர் பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திற் சென்று அமர்வதுண்டு. அவர்களை வேறோர் இடத்துக்கு அழைக்க விரும்புகின்றேன். பெரிய வைத்தியசாலை ஒன்றின் குறைமாதப் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலே அவ்விடம். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தாயையும் தந்தையையும் ஒரு நாடு எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கண்டால், எளியோரிடத்து அதற்குள்ள மதிப்பு யாதென்பது விளங்கிவிடும்.

இதனை நான் ஏட்டிற் படித்து எழுதவில்லை. என் இளைய மகள் முப்பதாம் வாரத்திற் பிறந்தாள். நிறை 1,240 கிராம். நாற்பத்தேழு நாட்கள் அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்தாள். இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களிற் பிறருக்காக வாதாடியவன், பொதுமேடைகளில் உரிமை உரிமை என்று முழங்கியவன், அந்த வாயிலில் வாயடைத்து நின்றேன். மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை தந்தையர் பார்க்கலாம் என்பது விதி. ஆறு மணிக்குக் காவலாளி வந்து, "ஐயா, நேரம் முடிந்துவிட்டது" என்பார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் விதியைக் காத்தார். கோபமெல்லாம் அந்த விதியின்மீதே.

உள்ளே நடப்பதை அறியாதோர்க்குச் சிறிது கூற வேண்டும். முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் பிள்ளையே குறைமாதப் பிள்ளை எனப்படும். உலகிற் பிறக்கும் பிள்ளைகளுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்று அத்தகையது. முப்பது வாரப் பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் ஓரிரு மில்லிலீற்றராகப் பால் இறங்கும். தன் உடற்சூட்டைத் தானே காக்க மாட்டாது. மூச்சுவிடவும் இடையிடையே மறந்துபோகும். அப்போது மணி ஒலிக்கும். தாதி வந்து உள்ளங்காலை மெல்லச் சுண்டுவார். பிள்ளை மீண்டும் மூச்செடுக்கும். மூச்சை மறவாதிருக்கக் கொடுக்கப்படும் மருந்தும், நாம் காலையிற் பருகும் கோப்பியிலுள்ள கஃபீனே என்றறிந்தபோது வியந்தேன்.

என் மனைவி மூன்று மணிக்கு ஒருமுறை பாலைப் பிழிந்தெடுத்துச் சிறு கிண்ணத்திற் கொண்டுபோய்க் கொடுப்பாள். சத்திரசிகிச்சைக் காயம் ஆறாத அவள் இரவு முழுவதும் நடைபாதை வாங்கிலே கிடந்தாள். தாய்மாருக்குப் படுக்கை இல்லை. பிள்ளைகளுக்கு ஒப்பற்ற பணிசெய்த அத்தாதியரை நான் நாள்தோறும் மனத்தால் வணங்குகின்றேன். குறை அவர்களிடத்து இல்லை. தாயை மருத்துவத்தின் பகுதியாகக் கருதாது, வழியை மறிக்கும் கூட்டமாகக் கருதிய ஏற்பாட்டிலேயே உள்ளது.

கருவிகளை நான் இகழவில்லை. 1963 ஓகஸ்ட் 7ஆந் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். நிறை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நுரையீரல் முதிராமையால் இரண்டே நாளில் இறந்தான். உலகின் பெருஞ்செல்வ நாட்டின் தலைவனாலும் அப்பிள்ளையைக் காக்க முடியவில்லை. நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் வழுவழுப்பான பொருள் இத்தகைய பிள்ளைகளிடம் போதாதென்பதை மேரி எலன் அவெரி 1959இலேயே காட்டியிருந்தார். அதனை மருந்தாகக் கொடுத்துப் பயன்கண்டதை ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா வெளியிட்டது 1980இலேதான். இன்று என் மகள் உயிரோடிருப்பது இத்தகையோரின் உழைப்பாலன்றோ?

ஆயின், கருவி மட்டும் போதுமா? கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1978ஆம் ஆண்டு, ஏழைத் தாய்மாரின் வைத்தியசாலை ஒன்றிற் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியிற் பல பிள்ளைகளைக் கிடத்த, தொற்றுநோய் பரவியது. மருத்துவர் எட்கார் ரே சனாப்ரியா பிள்ளையைத் தாயின் வெற்று மார்பிலே நிமிர்த்திக் கட்டிவைத்தார். கங்காரு முறை என அது பெயர்பெற்றது. வறுமைக்கு மாற்றுவழியாகத் தோன்றிய அது, செல்வ நாடுகளும் பின்பற்றும் சிகிச்சையாயிற்று.

அதற்கு மேலும் சான்றுண்டு. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 3,211 பிள்ளைகளிடத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பிள்ளையின் உடல்நிலை தேறும்வரை காத்திராது, பிறந்தவுடனேயே தாயின் மார்பிற் சேர்த்த பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12.0, தேறிய பின்னரே சேர்த்த பிரிவில் 15.7. அதாவது, இறப்பு நான்கில் ஒருபங்கு குறைந்தது. இதற்கெனத் தாய்மாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவினுள்ளேயே படுக்கை இடப்பட்டது. 2022இல் அந்நிறுவனம் இதனை உலகெங்கும் பின்பற்றுமாறு பரிந்துரைத்தது.

"வெளியார் நுழைந்தால் தொற்று வருமே" என்பது எதிர்வாதம். நியாயமான அச்சமே. ஆயின் தாய் வெளியாரா? கை கழுவுவதை ஒருவருக்குக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். சளிக்காய்ச்சல் உள்ளவரைத் தடுப்பது ஒன்று; தாய் தந்தையர் என்பதற்காகத் தடுப்பது பிறிதொன்று. "இடமில்லை, பணமில்லை" என்பது அடுத்த வாதம். ஒரு கட்டிலின் விலை ஒரு செயற்கைச் சுவாசக் கருவியின் விலையோடு ஒப்பிடத் தக்கதா?

சட்டத்தின் பக்கம் வருவோம். எமது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டினது. அது தரும் 12 வார காலம் பிரசவ நாளைக்கொண்டே கணக்கிடப்படுகின்றது. பிள்ளை எட்டு வாரம் வைத்தியசாலையிற் கிடந்தால், வீட்டுக்கு வரும் நாளில் எஞ்சுவது நான்கே வாரம். இரண்டு கிலோவும் நிறையாத பிள்ளையை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாயின் பால் எத்தனை நாள் சுரக்கும்? பிரித்தானியாவில் 2023இல் நிறைவேறி 2025 ஏப்ரில் 6ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், பிள்ளை சிகிச்சைப் பிரிவிற் கழிக்கும் காலத்துக்கு ஈடாகத் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரம் வரை மேலதிக விடுமுறை வழங்குகின்றது. எம்மால் ஏன் அவ்வாறு செய்ய இயலாது?

இன்னுமொன்று. என் மனைவிக்கு அருகே மலையகத் தாயொருத்தி இருந்தாள். அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து ஒப்பமிடச் சொன்னார்கள். சிங்களத்தில் இருந்தது. ஒப்பமிட்ட பின்னரே, "ஐயா, இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள். பிள்ளையின் கண்ணைச் சோதிப்பதற்கான சம்மதம் அது. குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் பிழையாக வளரக்கூடும். அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் அதனைக் கடுமையாக்கும். உரிய காலத்திற் கண்டால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். 1940களிலும் 1950களிலும் அளவறியாது கொடுத்த ஒட்சிசனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் குருடாயினர். இத்தனையையும் அத்தாய் அறிய உரிமையுடையவள் அல்லளா? 1987ஆம் ஆண்டின் 13ஆந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. விளங்காது இட்ட ஒப்பம் சம்மதமாகாது என்பது சட்ட மாணவனும் அறிந்தது. அரசியலமைப்பில் எழுதியது அந்தக் கட்டிலருகே வந்து சேரவில்லை.

ஆகவே நாம் கேட்பன நான்கு. தாய்க்குப் பிள்ளையருகே படுக்கை வேண்டும். தந்தைக்கு மணிக்கணக்கின்றி அனுமதி வேண்டும். பிள்ளை வைத்தியசாலையிற் கழித்த நாட்கள் மகப்பேற்று விடுமுறையிற் கழிக்கப்படலாகாது. படிவமும் விளக்கமும் தாயின் மொழியில் அமைதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை.

இருபத்தாறாம் நாள், முதிய தாதியொருவர் என்னை அழைத்து, "ஐயா, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், சட்டையைக் கழற்றுங்கள்" என்றார். விதியை மீறியே அழைத்தார். மகளை என் மார்பில் வைத்தார். பொறியின் திரையில் ஏறியிறங்கிக்கொண்டிருந்த எண்கள் சிறிது நேரத்தில் அமைதியடைந்ததைக் கண்ணாற் கண்டேன். அத்தாதியின் பெயரை எழுத விருப்பமே. எழுதினால் அவருக்குத் தண்டனை வருமென அஞ்சி விடுத்தேன். நன்மை செய்தவர் பெயரை மறைக்க வேண்டிய விதியொன்று இந்நாட்டில் இருக்கலாமா? எமது பிரதிநிதிகள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இதனை எழுப்புவாராக. எழுப்பாவிடின், தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது நாம் அவர்களிடம் இதனைக் கேட்போம்.