பிச்சையா, பங்கா?

இங்கிலாந்தில் ஊனமுற்றவர்களுக்குச் சர்க்கார் கொடுத்துவரும் உதவித் தொகையை வெட்டுவதற்காக அந்நாட்டுத் தொழிற்கட்சி மந்திரிசபை 2025-ஆம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி ஒரு திட்டத்தை வெளியிட்டதும், ஊனமுற்றவர்களே கிளம்பிப் போராடி அதன் முக்கியமான பாகத்தை மூன்றரை மாதத்திற்குள் முறியடித்ததும் நம் நாட்டில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. சீமைச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்ணில்லாதவனையும் காலில்லாதவனையும் கோயில் வாசலில் உட்கார வைத்து, அவன் தட்டில் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு, மோட்சத்திற்கு டிக்கெட்டு வாங்கிவிட்டதாக நினைக்கும் நாட்டில் இருக்கிறவர்கள்தான் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

விஷயம் இதுதான். அந்நாட்டில் 2013 முதல் 'பிப்' என்று ஒரு தொகை கொடுக்கப்பட்டு வருகிறது. இது வேலையில்லாதவனுக்குக் கொடுக்கும் தொகையல்ல. ஊனம் காரணமாக ஒருவனுக்கு மற்றவர்களைவிட அதிகப்படியாக ஆகும் செலவை ஈடு செய்வது. ஆதலால் வேலைக்குப் போகிறவரும் இதைப் பெறலாம். சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது போன்ற ஒவ்வொரு காரியத்திற்கும் எவ்வளவு துணை வேண்டும் என்று பார்த்துப் பள்ளிக்கூடப் பரீட்சை போல் மார்க்கு போடுகிறார்கள். மொத்தம் 8 மார்க்கு வந்தால் அன்றாட வாழ்க்கைக்கான தொகை உண்டு. புதுத் திட்டம் என்ன சொல்லிற்றென்றால், மொத்தம் 8 வந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரே காரியத்தில் 4 மார்க்காவது வாங்கியிருக்க வேண்டும் என்றது.

இதன் யோக்கியதையைப் பாருங்கள். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உடம்பைக் கழுவ மற்றொருவர் துணை வேண்டுமானால் 4 மார்க்கு. இடுப்புக்குக் கீழே கழுவத் துணை வேண்டுமானால் 2 மார்க்குத்தான். மேல் சட்டை போட்டுவிட ஆள் வேண்டுமானால் 4. கால்சட்டை மாட்டிவிட ஆள் வேண்டுமானால் 2. ஆகவே தன் காலைத் தானே கழுவ முடியாமல், கால்சட்டையைத் தானே மாட்ட முடியாமல், தட்டிலுள்ளதைத் துண்டாக்க ஒருவரும், கக்கூசுக்கு ஒரு சாதனமும் தேவைப்பட்டு, 2-ம் 2-ம் 2-ம் 2-ம் ஆக 8 மார்க்கு வாங்கியவனுக்குப் புதுத் திட்டப்படி ஒரு காசும் இல்லை! முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்று எழுதி வைத்த நம் ஊர்ச் சாஸ்திரம் கப்பலேறிச் சீமைக்கும் போய்விட்டதோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் எதற்கு? 2029-30-க்குள் வருஷத்திற்குச் சுமார் 500 கோடி பவுன் மிச்சம் பிடிக்கவாம். இத்திட்டத்தால் 50 ஆயிரம் குழந்தைகள் உள்பட இரண்டரை லட்சம் பேர் புதிதாக வறுமையில் விழுவார்கள் என்று அந்தச் சர்க்காரே கணக்கெழுதி வெளியிட்டது. பொதுஜன அபிப்பிராயம் கேட்கிறோம் என்று ஒரு காகிதத்தையும் வெளியிட்டார்கள். ஆனால் அந்த 4 மார்க்கு விதி வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் அதில் கேட்கவில்லை. அபிப்பிராயம் சொல்லக் கடைசி நாள் ஜூன் 30. பார்லிமெண்டில் மசோதாவுக்கு ஓட்டெடுத்த நாள் ஜூலை 1. முகூர்த்தத்தை வைத்துப் பந்தலும் போட்டுவிட்டு, முதல் நாள் இரவு வரை பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுக் கொண்டிருந்த கதைதான்.

ஊனமுற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலிகளோடு பார்லிமெண்டு வாசலுக்கு வந்தார்கள். தங்கள் தொகுதி மெம்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். "எங்களை வேலைக்கு அனுப்புவதற்காக இத்தொகையை வெட்டுகிறோம் என்கிறீர்களே, இத்தொகை இருப்பதால்தானே வேலைக்கே போக முடிகிறது" என்று கேட்டார்கள். இதற்குச் சரியான பதில் எந்த மந்திரியிடமும் இருக்கவில்லை. ஆளும் கட்சி மெம்பர்களிலேயே 120 பேருக்கு மேல் மசோதாவை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஓட்டெடுப்பு நாளன்று விவாதம் நடந்து கொண்டிருக்கும்போதே 4 மார்க்கு விதியை எடுத்துவிடுவதாக மந்திரி எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகே மசோதா 335-க்கு 260 என்ற ஓட்டில் தப்பியது.

முழு ஜெயம் என்று சொல்ல மாட்டோம். நோயாலும் ஊனத்தாலும் வேலை செய்ய முடியாதவர்களுக்கு வாரம் சுமார் 97 பவுனாக இருந்த மற்றொரு தொகையை, 2026 ஏப்ரல் முதல் புதிதாகக் கேட்டு வருகிறவர்களில் மிகக் கடுமையான நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு 50 பவுனாக்கும் விதி சட்டமாகிவிட்டது. முந்திப் படுத்தவனுக்கு முழுப் படி, பிந்திப் படுத்தவனுக்கு அரைப் படி! இது என்ன நியாயமோ தெரியவில்லை.

இந்தப் போராட்டம் அங்கே புதிதல்ல. 1920 ஏப்ரலில் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து கண்ணில்லாத தொழிலாளிகள் கால்நடையாகவே லண்டனுக்கு நடந்தார்கள். தர்மம் வேண்டாம், நீதி வேண்டும் என்பதே அவர்கள் கோஷம். அந்த வருஷமே சட்டம் வந்தது. கண்ணில்லாதவர்களுக்குப் பென்ஷன் வயது 70-லிருந்து 50-ஆகக் குறைந்தது.

நம் நாட்டிலோ தர்மந்தான் உண்டு, நீதி கிடையாது. மனுதர்மம் 9-ஆவது அத்தியாயத்தில் குருடன், செவிடன், ஊமை முதலியவர்களுக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்கிறது. 11-ஆவது அத்தியாயத்தில் இவர்கள் முன் செய்த பாவத்தின் பலனாய் அப்படிப் பிறந்தார்கள் என்கிறது. முதலில் பாவி என்று பட்டம். பிறகு பங்கைப் பறிப்பது. பிறகு அதே பங்கில் ஒரு கவளத்தை எடுத்துப் போட்டுப் புண்ணியம் தேடுவது! இந்த அக்கிரமத்தில் பெரும் பகுதியை ஒழிக்க 1928-இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. சீமையில் சோம்பேறி என்கிறார்கள், இங்கே பூர்வஜன்ம பாவி என்கிறார்கள். இரண்டும் கொடுக்க மனமில்லாதவன் கண்டுபிடித்த வார்த்தைகளே.

2015 டிசம்பரில் நம் பிரதம மந்திரி இவர்களுக்குத் 'திவ்யாங்' என்று, அதாவது தெய்வீக அங்கம் உடையவர்கள் என்று பெயர் சூட்டலாம் என்றார். எங்களுக்குத் தெய்வீகம் வேண்டாம் என்று ஊனமுற்றோர் சங்கங்கள் ஆட்சேபித்தன. ஆனாலும் அப்பெயர் இலாகாவின் பலகையில் ஏறிவிட்டது. பெயர் இப்படியிருக்க, மத்திய சர்க்கார் 80 சதவிகிதம் ஊனமுள்ள ஏழைக்கு மாதந்தோறும் கொடுக்கும் பென்ஷன் 2012-இல் 300 ரூபாயாயிற்று. 2025-லும் அதே 300 ரூபாய்தான். மாகாண சர்க்கார்கள் தங்கள் பங்குக்குக் கொடுப்பது வேறு விஷயம். தெய்வீக அங்கத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்!

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் மேடைகளிலும் 'குருட்டு நம்பிக்கை', 'நொண்டிச் சாக்கு' என்று தாராளமாய்ப் பேசி வந்திருக்கிறோம். கண்ணில்லாத தோழர் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நமக்கு உறைக்கவில்லை. மூடநம்பிக்கை என்ற சொல்லே போதும்.

நேயர்கள் தங்கள் ஊரில் இந்தப் பென்ஷனுக்கு மனுச் செய்தவர்களைக் கண்டு, எவ்வளவு வருகிறது, சர்ட்டிபிகேட்டுக்கு எத்தனை முறை ஆஸ்பத்திரிக்கும் தாலுக்கா கச்சேரிக்கும் அலைந்தார்கள், கச்சேரி மாடியிலிருந்தால் எப்படி ஏறினார்கள் என்பதை அவர்களையே எழுதச் சொல்லி நமக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் எழுதலாம். ஆனால் வார்த்தை அவர்களுடையதாயிருக்க வேண்டும். அவர்களுக்காக நாம் பரிந்து எழுதுவதற்கு முன் அவற்றைப் பிரசுரிப்போம்.