கர்ணன் வாங்கிய முன்பணம்

கர்ணன் செய்த ஒரு காரியத்தை வீரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்த பிறகும், சோறு போட்டவன் என்பதற்காகத் துரியோதனன் பக்கமே நின்றானே, அதை.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே 7-ம் நூற்றாண்டில் மானியத்தில் ஒரு பங்கு ஒதுக்கியவன் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன். இன்றும் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கர்ண மோட்சக் கூத்து என்றால் முசரவாக்கத்திலிருந்து குடும்பத்தோடு போய் உட்காருவோம். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சாகும் தறுவாயில் புண்ணியத்தையும் தாரை வார்க்கிறானே, அங்கே எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அந்தக் கொடைக்கு ஈடே கிடையாது.

ஆனால் செஞ்சோற்றுக்கடன் வேறு. குலம் கேட்கப்பட்டு அவமானத்தில் நின்றவனுக்குத் துரியோதனன் கொடுத்த அங்க நாடு, நெசவாளி வீட்டுப் பேச்சில் சொன்னால், முன்பணம். அதை வாங்கியவனால் கடைசிவரை கழிக்கவே முடியவில்லை. திரௌபதியைச் சபையில் இழிவாகப் பேசியதும் அந்த நட்பின் நிழலில் நின்றுதான்.

எனக்கு அந்த முன்பணம் தெரியும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பிள்ளையின் கை. அப்பா வாங்கிய பணத்துக்காகப் பள்ளியை விட்டு இன்னொருவர் தறியில் நான் உட்கார்ந்தேன். வாரக்கூலியில் பிடித்தம் போகும், கடன் அப்படியே இருக்கும்.

ஒருநாள் அம்மா என்னை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் முதலாளி வாசலில் நின்று, உப்பைத் தின்ற வீடு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். "கடன் வாங்குனது நாங்க. நாங்க நெய்ஞ்சு கட்டுறோம். புள்ளய ஏன் கேக்குறீங்க?" என்றாள் அம்மா. நன்றி கெட்டவள் என்று தெருவே பேசியது. வீட்டுத் தறிக்குப் பாவு நூல் வருவது நின்றது. அப்பா கழனி வேலைக்குப் போனார். மறுபடி வேறிடத்தில் பாவு கிடைத்தபோது, உலையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவே கோர்வைக்கு உட்கார்ந்தாள்.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இப்படி ஆளைக் கட்டிப்போடும் கடன் செல்லாது என்கிறது அது. அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

குந்தி வந்து அழைத்தபோது, பயந்து கட்சி மாறினான் என்று உலகம் ஏசுமே என்பதும் கர்ணன் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த ஏச்சை அம்மா வாங்கிக்கொண்டாள். கர்ணனால் முடியாதது அவளால் முடிந்தது என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. சோறிட்டவனுக்கு நன்றி வேண்டும்தான். அந்த நன்றிக்குப் பிள்ளையின் படிப்பை விலையாகக் கேட்டால், மறுக்கிறவளே வீரம் உள்ளவள்.

இப்போது கோர்வைக்கு ஆள் கிடைப்பதில்லை, கோர்வைச் சேலையே அருகிவிட்டது என்று சிலர் குறைபடுகிறார்கள். அந்தச் சேலை அழியக் கூடாது என்று நானும் விரும்புகிறேன். அதற்கு வழி, பக்கத்தில் உட்காரும் அந்த இரண்டாவது ஆளுக்கும் நெய்கிறவருக்கு இணையான கூலி கொடுப்பதுதான். சங்கங்களும் கடைகளும் அதைச் சேலை விலையிலேயே தனியாகச் சேர்க்கட்டும்.