வெட்சி சூடியவர்களும் தொப்பி அணிந்தவர்களும்

‘கௌபாய்’ படங்கள் நமக்குப் பிடிக்கும் என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் ஒரு மெல்லிய புன்னகை எழுவதைக் கண்டிருக்கிறோம். தொல்காப்பியம் நடத்துகிறவருக்குத் துப்பாக்கியும் குதிரையும் எதற்கு என்பது அப்புன்னகையின் பொருள். தொல்காப்பியம் நடத்துவதனால்தான் அவை நமக்குப் பிடிக்கின்றன என்பதே நம்முடைய மறுமொழி. அதைச் சற்று விரித்துரைக்கவே இக்கட்டுரை.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த பகுதி. 1980களின் பிற்பகுதியில், நம் சிறுவயதில், தெருவுக்கு ஒன்றிரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளே இருந்தன. ஞாயிறு மாலை சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தமிழ்ப் படத்துக்காகப் பெட்டி வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில் இடம்பிடிப்போம். அப்படியொரு மாலையில்தான் ஜெய்சங்கரைக் குதிரைமீது கண்டோம். மறுநாள் பனை மட்டை குதிரையாயிற்று. முந்திரித் தோப்பு பாலைநிலமாயிற்று.

ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களை எடுத்தார். தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்து 1971 இல் வெளியான ‘மோசகாள்ளகு மோசகாடு’ தமிழிலும் மொழிமாற்றம் பெற்று வந்தது. பின்னர் 2010 இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தில் இந்த வகை முழுவதையும் எள்ளி நகையாடினார். போலச் செய்தலில் தொடங்கிப் பகடியில் முடிந்தது நாற்பதாண்டுக் கதை. இடையில் இருந்திருக்க வேண்டிய ஒன்று, அதாவது அந்த வடிவத்தை நம்முடையதாக்கிக்கொள்ளுதல், நிகழவே இல்லை என்பது நம் மதிப்பீடு.

கர்ணனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. வசனமே படம் என்றிருந்த காலத்தில் வெட்டவெளியையும் வேகத்தையும் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தவர் அவர். அவர் படங்களை ‘காப்பி’ என்று ஒதுக்குவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) அமெரிக்காவில் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ (1960) ஆயிற்று. அவருடைய ‘யோஜிம்போ’வை (1961) செர்ஜியோ லியோனே ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) என்று ஸ்பெயினின் வறண்ட நிலத்தில் எடுத்தார். விவகாரம் சட்ட நடவடிக்கை வரை சென்று சமரசத்தில் முடிந்தது. இவையெல்லாம் கலந்து 1975 இல் ‘ஷோலே’ ஆகி, பெங்களூரை அடுத்த ராமநகரத்துப் பாறைகளுக்கிடையே புதுப்பிறவி எடுத்தன. கடன் வாங்குதல் குற்றமன்று. வாங்கியதை எந்த மண்ணில் ஊன்றுகிறோம் என்பதே கேள்வி.

நம் படங்களில் நினைவில் நிற்பவை தொப்பி, துப்பாக்கி, குதிரை, பழிவாங்கல் ஆகியவைதாம். ஆநிரை நினைவில் இல்லை. ‘கௌபாய்’ என்றாலே மாட்டுக்காரன் என்றுதானே பொருள்! அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபின், டெக்சாஸ் மாட்டு மந்தைகளைக் கான்சாஸ் இரயில் நிலையங்கள் வரை ஓட்டிச்சென்ற கூலியாட்கள் அவர்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் அவர்களுள் கணிசமாக இருந்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகளே நீடித்த வாழ்க்கை அது. 1874 இல் காப்புரிமை பெற்ற முள்கம்பியும், பரவிவந்த இரயில் பாதையும் அதனை முடித்துவைத்தன. வேலி வந்தபின், சட்டம் வந்தபின், அந்த வீரனுக்கு ஊரில் என்ன இடம்? சிறந்த மேற்குப் படங்கள் யாவும் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நமக்கு மிகவும் உவப்பான இரண்டு படங்களைச் சொல்கிறோம். ஃபிரெட் ஜின்னமனின் ‘ஹை நூன்’ (1952) படத்தில் ஊர்க்காவலன் தன்னைக் கொல்ல வருகிறவர்களை எதிர்கொள்ள ஊராரிடம் துணை கேட்கிறான்; ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி விலகுகிறார்கள். தனியே நின்று வென்றபின் தன் சின்னத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறான். ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தில், ஆண்டுக்கணக்கில் அலைந்து பெண்ணை மீட்டு வருகிறவன் வீட்டுக்குள் நுழைவதில்லை. அவன் வெளியே நிற்கக் கதவு மூடுகிறது. செவ்விந்தியர்மீது அவன் கொண்ட வெறுப்பும் அவனை உள்ளே சேர்க்கவிடாத காரணங்களுள் ஒன்று. பூர்வகுடிகளை வெறும் இலக்குகளாகச் சுட்டுத்தள்ளிய நூற்றுக்கணக்கான படங்களின் பாவத்தை இந்தப் படமும் முழுதாகக் கழுவிவிடவில்லை. ஆயினும் அதைத் தன் நாயகனின் முகத்திலேயே காட்டிவிடுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியில் தொடங்குகிறது. பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. அதை மீட்டல் கரந்தை; தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்கியதைப் பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கியது. கவர்ந்த மாட்டைப் பங்கிடுதலுக்கும் கள்ளுண்டு மகிழ்தலுக்கும் கொடையாக வழங்குதலுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. போரில் மாய்ந்தவனுக்குக் கல் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை முறை வகுத்திருக்கிறார்கள். இது ஏட்டுக் கற்பனையன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லில் ‘ஆகோள்’ என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. ஆநிரை கவர்தல் என்பது அதன் பொருள்.

வெட்சித்திணை நடத்திய ஒரு வகுப்பில், ஆடு வளர்க்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து சொன்னார்: “ஐயா, எங்க வீட்டுல ஆடு காணாமப் போனா யாரும் பூச்சூடிப் போறதில்ல. மனு எழுதி எடுத்துக்கிட்டுப் போவாங்க.” வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் அவரே மீண்டும் கேட்டார்: “வெட்சிக்காரங்க வீரங்களா, திருடங்களா?”

நெடுநாள் பாடம் நடத்தியும் நாம் எதிர்கொள்ளாத கேள்வி அது. மாட்டை இழந்தவர் பக்கத்திலிருந்து அவர் கேட்டார். நாமோ பாடியவர் பக்கத்திலிருந்தே பாடம் சொல்லி வந்திருக்கிறோம். அன்று ‘ஹை நூன்’ கதையைச் சொன்னோம். ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் இறுதிக் காட்சியைச் சொன்னோம். பிறகு சங்கப் பாடல்களில் நடுகல் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னோம். வழியோரத்தில், ஊர்ப்புறத்தில், பாலையில் நிற்கிறது. ஊர் அவனுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கிறது. ஆனால் வெளியே நிறுத்தித்தான் வணங்குகிறது. வன்முறையால் காப்பவனை வேண்டுவதும், அவனை வாசலுக்கு வெளியே வைப்பதும் நாமும் அறிந்தவையே. மாணவியின் கேள்விக்கு இது முழு விடையாகாது. ஆயினும் அன்று வெட்சி தேர்வுக்குரிய பாடமாக மட்டும் இருக்கவில்லை.

இத்தனை நெருக்கமான செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மவர் தொப்பியை மட்டும் கடன் வாங்கினார்களே என்பதுதான் நம் வருத்தம். ஆநிரையும் நடுகல்லும் பாலையும் மறவரும் உள்ள மொழியில் ஒரு வெட்சிப் படம் இன்னும் வரவில்லை.

தொலைக்காட்சியில் நாம் மறவாத தொடர் ஒன்றுண்டு. ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் 1986-87 இல் இயக்கிய ‘மால்குடி டேய்ஸ்’. இந்தி புரியாமலே அதைப் பார்த்தோம். அதில் ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும் பற்றிய பகுதி நமக்கு உயிரானது. ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரையை விலைக்குக் கேட்கிறார் ஓர் அமெரிக்கர். தம் ஆடுகளுக்குத்தான் விலை பேசுகிறார் என்று எண்ணுகிறார் கிழவர் முனி. ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. பணம் கைமாறுகிறது, குதிரை போய்விடுகிறது.

முனி தாம் எதை விற்றோம் என்று அறியாமல் விற்றார். நாம் எதை வாங்கினோம் என்று அறியாமல் வாங்கினோம். விருத்தாசலத்துச் சூளைகளில் இன்றும் மண் பொம்மைகள் வேகின்றன; ஏரிக்கரை அய்யனாரின் குதிரை இன்னும் நிற்கிறது. அதன்மேல் ஏறுவதற்கு ஒரு கதைதான் வரவேண்டியிருக்கிறது.