தப்பாத ஆயுதம்

எங்கள் நல்லூரில் பனியன் கம்பெனிப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதன் மூலம். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டுவார்கள். சென்ற வாரம் கதைசொல்லி, அசுர ராஜாவின் கையில் பட்டால் சாவு என்ற வாளைக் கொடுத்துவிட்டான். ஆறு மாதம் ஒருவன் வளர்த்த வீரன் முதல் வெட்டிலேயே காலி. அவன் எழுந்து போய்விட்டான்.

"ஏனுங்க சார், வில்லன்னா பயம் வேண்டாமுங்களா?" என்று கதைசொல்லி என்னிடம் நியாயம் கேட்கிறான்.

வேண்டும், தம்பி. ஆனால் நீ உண்டாக்கியது பயமல்ல, விபத்து. நானும் ஒரு தொடர்கதையில் கதாநாயகனை லாரியில் அடித்துக் கொன்றேன். வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது.

பாரதத்தைப் பார். இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி தப்பாமல் கொல்லும். ஆனால் அதற்குக் கவச குண்டலங்கள் விலை. ஒரே தடவைதான் வீசலாம். கண்ணனுக்கு அது தெரியும். ஆகையால் பதினாலாம் நாள் இரவு அர்ஜுனனை விலக்கிவைத்துக் கடோத்கசனை அனுப்பினான். சக்தி அவனோடு செலவாயிற்று. யாரைக் காப்பது, யாரை இழப்பது என்ற அந்த முடிவில்தான் பயம் இருக்கிறது. உன் நண்பனுக்கு எந்த முடிவை விட்டுவைத்தாய்?

அந்த 1974 விதிப்புத்தகத்தில்கூட மரணக் கதிருக்கும் விஷத்துக்கும் தப்பிக்க ஒரு பகடை வீச்சு உண்டு. நீ அதையும் பிடுங்கிக்கொண்டாய். வாள் இருக்கட்டும், அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லு, அதற்கு ஒரு விலை வை. முதலில் போய் அவனைக் கூப்பிட்டு வா.