தாய்–மகள் வழக்கும் ஓர் அஞ்சலட்டையும்

பாலக்காட்டிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நம்மவர் கூடும் மேடைகளில் ஆண்டுதோறும் தவறாது ஒலிக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: "மலையாளம் தமிழின் மகள்." அது முடிந்ததும் கையொலி எழும், கையொலி அடங்கியதும் சிற்றுண்டி வரும். யானும் பல்லாண்டுகள் கைதட்டியவனே. இனித் தட்டுவதில்லை என்று உறுதி பூண்டுவிட்டேன். அதன் காரணத்தை இம்மலரின் வாயிலாகச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

பொள்ளாச்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் என் அன்னையாருக்கு, என் இளைய மகள் சென்ற பொங்கலுக்கு அஞ்சலட்டை எழுதினாள். "அன்புள்ள பாட்டிக்கு" என்பது முதல் இறுதி வரை அத்தனையும் தமிழ்ச் சொற்கள். ஆனால் எழுத்து அத்தனையும் மலையாள எழுத்து. யான் ஊர் சென்றபோது அவ்வட்டை சாமி படத்தருகே இருந்தது. "கண்ணு, பேத்தி எழுதுனது. நீ வந்தாப் படிச்சுச் சொல்லுவீன்னு வெச்சிருக்கறேன்" என்றார் அன்னை. மைய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளைப் படித்து வருபவன் யான். அந்த நான்கு வரிகளைப் படிக்க என் குரல் ஒத்துழைக்கவில்லை. தாய்மொழி, மகள்மொழி என்னும் உறவால் அம்மூதாட்டிக்கு விளைந்த பயன் யாது?

மொழிகளை ஒப்பிடுதல் தவறன்று. எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி. நம் சினமும் பெருமிதமும் குறுக்கிடாதவாறு, நமக்கு உறவில்லாத இரு மொழிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்று குர்திஷ், மற்றொன்று குஜராத்தி. முன்னது துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பிரிந்து கிடக்கும் மக்களின் மொழி. பின்னது நம் நாட்டு மேற்குக் கரையின் மொழி. முன்னது ஈரானியக் கிளை. பின்னது இந்திய ஆரியக் கிளை. இரண்டும் ஒரே அடிமரத்தின் கிளைகள்.

உறவுக்குச் சான்று வேண்டுமா? 'ஒன்று' என்பதற்குக் குர்திஷில் 'யெக்'; குஜராத்தியில் 'ஏக்'. 'நான்கு' இரண்டிலும் 'சார்' என்றே ஒலிக்கும். 'ஏழு' அங்கே 'ஹெஃப்த்', இங்கே 'சாத்'. வடமொழியின் 'சப்த' என்பதில் உள்ள முதற் சகரம் ஈரானியக் கிளையில் ஹகரமாய்த் திரிந்ததை இது காட்டும். இலக்கணத்திலும் வியப்புண்டு. "நான் மாம்பழம் தின்றேன்" என்னும்போது தமிழில் வினைமுற்று 'நான்' என்பதைப் பின்பற்றும். குஜராத்தியிலோ இறந்தகால வினை தின்றவரை விட்டுத் தின்னப்பட்ட பொருளைப் பின்பற்றும். மாம்பழம் அங்கே பெண்பால். ஆகவே வினையும் பெண்பால் ஈறு பெறும். குர்திஷின் வடபகுதி வழக்கான குர்மாஞ்சியிலும் இவ்வாறே, தின்ற பழம் பலவாயின் வினையும் பன்மையாகும்.

ஆனால் இவ்வுறவு குர்திஷைக் காத்ததா? குஜராத்திக்கு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் தொடக்கம் முதலே இடமுண்டு. 1960 மே 1 முதல் தனி மாநிலம் உண்டு. பள்ளியும் நாளிதழும் அலுவலகமும் உண்டு. குர்திஷோ ஓரிடத்தில் இலத்தீன் எழுத்திலும் வேறிடத்தில் அரபு எழுத்திலும் எழுதப்படுகிறது. துருக்கியில் 1983ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மொழியின் பெயரைக் கூறாமலேயே அதன் வெளியீட்டைத் தடுத்தது. 1991இல்தான் அச்சட்டம் நீங்கியது. ஈராக்கில் 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பே அதனை அரபுக்கு இணையான ஆட்சிமொழியாக்கியது. ஓர் அடிமரத்துக் கிளைகள் இரண்டின் வாழ்வு இத்துணை வேறுபட்டது எதனால்? குலத்தாலன்று, தொன்மையாலுமன்று. பள்ளியாலும் எழுத்தாலும் ஆட்சியாலுமே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவின என்பதை எவர் மறுக்கிறார்? 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதனை எழுதினார். ஏ. ஆர். இராஜராஜவர்மா என்னும் மலையாள அறிஞரே 1896இல் தம் 'கேரள பாணினீயத்தில்' தமிழினின்று மலையாளம் பிரிந்த நெறிகள் ஆறெனப் பகுத்துக் காட்டினார். நாம் 'மாங்காய்' என்பதை அவர்கள் 'மாங்ங' என்பர். நம் 'மலை' அவர்கட்கு 'மல'. வந்தான், வந்தாள், வந்தார்கள் என நாம் ஈறு வேறுபடுத்த, அவர்கள் 'வந்நு' என்னும் ஒரு சொல்லால் முடிப்பர். அந்த அறிஞர் இவற்றை நாணமின்றி, சினமுமின்றி எழுதினார். நாமோ அவ்வறிவை ஏச்சாக மாற்றி, "சிதைந்த தமிழ்" என்கிறோம்.

சிதைத்தவர் யார்? 'காற்று' என்பதன் இரட்டை றகரத்தை மலையாளி இன்றும் நுனிநாவால் ஒற்றி ஒலிக்கிறார். நாம் 'காத்து' ஆக்கிவிட்டோம். ழகரம் அவர் வீட்டுக் குழந்தையின் நாவிலும் நிற்கிறது. நம்முள் எத்தனை பேர் 'வாளைப்பளம்' என்கிறோம்! தமிழ் என்னும் பெயரிலேயே உள்ள எழுத்தைக் காக்க இயலாதவர்க்கு மகளின் நாவைப் பழிக்கும் உரிமை எங்ஙனம் வந்தது?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. "மலையாளமும் தமிழ்தானே, பிள்ளை அதைப் படித்தால் போதாதா?" என்று கேட்கும் பெற்றோர் நம்முள் மிகுதி. மேடையில் பெருமிதமாகத் தோன்றிய வாக்கியம் வீட்டில் சோம்பலுக்குச் சாக்காகிறது. மலையாளம் வேண்டாவென்று யான் சொல்லவில்லை. இம்மண்ணில் உண்டு வாழ்வோர் இம்மண்ணின் மொழியைக் கற்பதே முறை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை அதனைக் கற்றே ஆகவேண்டும், நன்றாகவே கற்கட்டும். அதனோடு தமிழையும் கற்கட்டும் என்பதே என் வழக்கு.

1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோட்டை எண்ணி இன்னும் பெருமூச்சு விடுவோர் உளர். ஆனால் அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு, சிறுபான்மையினர் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வழிசெய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ, தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்கட்கும் தமிழர் தமிழிலேயே எழுதலாம், மறுமொழியும் தமிழிலேயே வரவேண்டும் என்கிறது. அலுவலகத்தின் உட்புறத்தை அறிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கேட்பாரற்ற உரிமை தூசி படிந்த கோப்புக்கு ஒப்பானது. நம்மில் எத்தனை பேர் தமிழில் ஒரு விண்ணப்பமேனும் எழுதியுள்ளோம்?

ஆதலின் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இவை. அடுத்த ஆண்டு விழாவில் தாய்–மகள் பட்டிமன்றம் வேண்டா. அப்பொழுதில் வாரம் ஒருமுறை நம் பிள்ளைகட்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துவோம். பள்ளியில் தமிழ் இருக்குமிடத்தில் பிள்ளையைச் சேர்ப்போம்; இல்லாவிடத்தில் எழுதிக் கேட்போம், அதையும் தமிழிலேயே எழுதுவோம்.

என் மகளுக்கு அன்றிரவே 'அ' எழுதக் காட்டினேன். பன்னிரண்டு வயதுப் பெண் நாணத்தோடு எழுதினாள். அவளுக்கு முன்னரே நாணியிருக்க வேண்டியவன் யான். அவளது அடுத்த அஞ்சலட்டையை என் அன்னையார் பிறர் உதவியின்றித் தாமே படிக்கும் நாளில், மீண்டும் கைதட்டுவேன்.